கல்யாண கேசட்டும் கணினியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 1985ஆம் ஆண்டிலும் அதை அடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் நடந்த திருமணங்கள், காதுகுத்துகள், கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாக்கள் ஆகியவற்றின் வீடியோப் பதிவுகள் பெரும்பாலும் அரை அங்குல அகலக் காந்த நாடா கொண்ட வி.எச்.எஸ். கேசட்டுகளாகவே வீடுகளில் எஞ்சியுள்ளன. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்திய இவ்வடிவத்துக்குரிய கருவியை, மக்கள் வழக்கில் ‘டெக்’ எனப்படுவதை, கடைசிவரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இந்நிலையில் கேசட்டைக் கணினி வழியாக டிவிடிக்கு மாற்றுவது பற்றி நிலவும் நம்பிக்கைகள் பல, செலவையும் கவனத்தையும் வேண்டாத இடத்திலேயே கொட்டச் செய்கின்றன.

ஓட்டாமல் பீரோவில் பூட்டிவைத்த கேசட் புதிதுபோலவே இருக்கும் என்பது அவற்றுள் ஒன்று. நாடா என்பது பாலியெஸ்டர் படலத்தின்மேல் காந்தத் துகள்களைப் பிசின் கொண்டு ஒட்டிய பொருள் என்பதால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் அப்பிசின் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் தளர்ந்துகொண்டேயிருக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் கொதிப்பதும், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே பரண் ஓதம் காப்பதும் அத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன. கேசட்டின் ஒளிபுகும் சாளரம் வழியே பார்க்கையில் சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் துடைக்காமல் டெக்கில் செருகினால், பூஞ்சை கருவிக்குள் ஒட்டி, அடுத்துச் செருகப்படும் நல்ல கேசட்டுக்கும் பரவும்.

டிவிடிக்கு மாறினால் படம் தெளிவாகிவிடும் என்னும் எதிர்பார்ப்பு எல்லாவற்றினும் பரவலானது. இந்தியாவில் வழங்கிய ‘பால்’ (PAL) என்னும் வீடியோ முறையில் டிவிடியின் ஒவ்வொரு சட்டகமும் 720 க்கு 576 படப்புள்ளிகளைக் கொண்டது, வி.எச்.எஸ். நாடாவோ கிடைவாக்கில் ஏறத்தாழ 240 கோடுகளுக்கு மேல் நுணுக்கம் காட்டாது. படி அரிசியை மரக்காலில் கொட்டினால் அது மரக்கால் அரிசியாகிவிடாது. படத்தின் தரம் தீர்மானமாவது கணினியில் அன்று, டெக்கினுள்தான். அங்கே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையொன்று நொடிக்கு 25 முறை சுழல, அதில் பதித்த நுண்ணிய காந்த முனைகள் (இவற்றையே ‘ஹெட்’ என்பர்) நாடாவின் குறுக்கே சாய்வாக எழுதப்பட்ட தடங்களைப் படிக்கின்றன. முனை தேய்ந்திருந்தாலோ, தடத்தோடு அதை இசைவிக்கும் ‘டிராக்கிங்’ சரியாக அமையாவிட்டாலோ, எவ்வளவு விலையுயர்ந்த கணினியும் அக்குறையை அப்படியே பிடித்துக்கொள்ளும். படத்தின் வரிகள் சற்று முந்தியும் பிந்தியும் தொடங்குவதால் மணப்பந்தலின் வாழைமரங்கள் நெளிவதாகத் தோன்றுவதுண்டு. அவ்வரிகளின் நேரத்தைச் சீராக்கும் காலத்திருத்தி என்னும் கருவி உயர்தர டெக்குகள் சிலவற்றில் உண்டு, அதற்குச் செய்யும் செலவே பயனுள்ள செலவு. மேலும், வீட்டார் கையிலுள்ளது பெரும்பாலும், காட்சிகளைத் தொகுத்து அலங்காரம் சேர்க்கும் ‘மிக்ஸிங்’ முடிந்தபின் எடுத்த நகல் என்பதால், அசலினும் ஒரு படி மங்கியே இருக்கும்; பெண் வீட்டாரிடமும் மாப்பிள்ளை வீட்டாரிடமும் உள்ள நகல்களை ஒப்பிட்டு நல்லதைத் தேர்வது நன்று. மணமகளின் முகத்தைச் சுற்றி மிக்ஸிங்கில் சுழலவிட்ட இதய வடிவச் சட்டமோ படத்தோடு ஒன்றிவிட்டது. அதை நீக்கி அடியிலுள்ள முகத்தை முழுமையாக மீட்டுத் தரும் மென்பொருள் இல்லை.

பென் டிரைவில் பாட்டு ஏற்றுவதுபோல நொடியில் முடியும் வேலை இது என்பதும் பிழை. நாடா ஓடும் நேரமே பதிவாகும் நேரம். மூன்று மணி நேரக் கேசட்டை 4.7 கிகாபைட் கொள்ளளவுள்ள ஒரே தட்டில் அடக்கினால், ஒலியும் சேர்த்து நொடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது; பழைய நாடாவின் புள்ளியிரைச்சலே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிட, முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. இரண்டு தட்டுகளாகப் பிரிப்பதே முறை.

ஹெட்டைப் பஞ்சால் மேலும் கீழுமாகத் தேய்த்துத் துடைக்கலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. பஞ்சின் இழை சிக்கினாலே முனை ஒடியக்கூடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த இழையற்ற மெல்லிய தோலை உருளைமேல் அசையாமல் வைத்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்புவதே பழகிய மெக்கானிக்குகளின் வழக்கம். அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட்டில் படம் உருண்டோடினாலும் அது கெட்டுவிட்டதாகப் பொருளன்று; அங்கு வழங்கிய என்டிஎஸ்சி என்னும் வீடியோ முறையையும் படிக்கும் டெக் தேவை, அவ்வளவே.

டிவிடியில் ஏற்றியது அழியாது என்று கருதிக் கேசட்டைத் தூக்கியெறிவோரும் உண்டு. தொழிற்சாலையில் அச்சடித்த திரைப்படத் தட்டைப்போலன்றி, கணினியில் எழுதும் தட்டு கரிமச் சாய அடுக்கொன்றிலேயே தகவலைத் தாங்குவதால், வெயிலும் வெப்பமும் அதையும் மங்கச் செய்கின்றன. அதைப் படிக்கும் கருவியே புதிய கணினிகள் பலவற்றில் இல்லை. டிவிடியைச் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்கும் நகலாக மட்டும் கொண்டு, அதற்கெனச் சுருக்குவதற்கு முன்புள்ள மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில், கூடுமானவரை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்து, ஆண்டுக்கொரு முறை ஓட்டிப் பார்ப்பதே தக்க ஏற்பாடு.