குளிரக் குளிர ஏறும் மின்தடை

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் கூரைச் சட்டம் ஒரு கம்பியை உரசிக்கொண்டே செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது செம்புக் கம்பி. அதைக் குளிரச் செய்தால் மின்தடை குறையும். காரணம் எளிது. சூட்டில் அணுக்கள் அதிர்கின்றன. ஓடிவரும் எலெக்ட்ரான்கள் அதனால் சிதறுகின்றன. குளிரில் அதிர்வு அடங்கும். கடைசியில் மிஞ்சுவது மாசு அணுக்கள் தரும் சிறு தடை. அது மாறாமல் நிற்க வேண்டும் அல்லவா?

1934இல் ஹாலந்திலுள்ள லைடன் நகரில் டி ஹாஸ் குழுவினர் தங்கத்தைக் குளிர்வித்தார்கள். ஏறத்தாழ 4 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை தடை இறங்கியது. மேலும் குளிர்வித்தபோது ஏறத் தொடங்கியது! முப்பது ஆண்டுகள் இப்புதிருக்கு விடையில்லை.

1964இல் ஜப்பானியர் ஜுன் கோண்டோ விடை சொன்னார். குற்றவாளி, இரும்பு போன்ற காந்த அணு. கும்மிடிப்பூண்டி சிப்காட் உலைகளில் டன் கணக்கில் உருகும் அதே இரும்புதான். இங்கே பல்லாயிரம் அணுக்களில் ஒன்றாக இருந்தாலே போதும்.

சாதாரண மாசு அணு ஆற்றின் நடுவே கிடக்கும் கல் போன்றது. காந்த அணுவோ இருபுறமும் திரும்பும் கதவு. எலெக்ட்ரானுக்கும் அதற்கும் தற்சுழற்சி உண்டு. மோதும்போது இரண்டும் தங்கள் சுழற்சித் திசையை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் திருப்பிவிட்டுப் போன கதவை அடுத்தவர் சந்திப்பதுபோல, முன்வந்த எலெக்ட்ரானின் சுவடு பின்வருவதைப் பாதிக்கிறது. குளிரக் குளிர இப்பாதிப்பு வலுக்கிறது, சிதறலும் கூடுகிறது.

ஆனால் கோண்டோவின் கணக்கை அப்படியே நீட்டினால், தனிச்சுழி வெப்பநிலையில் தடை முடிவிலியாகிவிடும்! இது நடக்காத காரியம். (தன் சூத்திரம் எங்கே செல்லாது என்பதையும் காட்டிவிடும் கணக்கு எனக்குப் பிடிக்கும்.) 1975இல் அமெரிக்கரான கென்னத் வில்சன் இதைத் தீர்த்தார். கடுங்குளிரில் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றுகூடி அந்த அணுவின் தற்சுழற்சியை ஈடுசெய்துவிடுகின்றன. அதன் காந்தத்தன்மை வெளியே தெரியாமல் மறைகிறது. தடையும் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது.

எலெக்ட்ரான்களின் இந்தக் கூட்டத்தைத் தனி அணுவின்மீதே காண முடியுமா? சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்த வித்யா மாதவனும் அவருடைய குழுவினரும் 1998இல் கண்டார்கள். தங்கப் பரப்பில் ஒரு கோபால்ட் அணு. வெப்பநிலை 4 கெல்வின். அதற்கு நேர்மேலே, தொடாமல் நிற்கும் நுண்ணிய ஊசி. ஊசியின் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளந்தபோது, கோண்டோ விளைவின் அடையாளம் தென்பட்டது. ஊசியை ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தள்ளி நகர்த்தியதும் அது மறைந்துவிட்டது.