கால் சிரைச் சுருட்டு: கத்தியின்றிக் குணப்படுத்தும் புதிய முறைகள்

வங்கி முகப்பில் நாள் முழுவதும் நின்று பணியாற்றுவோர், கடையில் நின்றே வணிகம் செய்வோர், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள், அடுக்களையில் நெடுநேரம் நிற்கும் இல்லத்தரசிகள் எனப் பலருக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. மாலையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், ஆடுசதையில் நீலநிறக் குழாய்கள் புடைத்து நெளியும். ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று மக்கள் கூறும் இதனையே மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்கின்றனர். உண்மையில் இது நரம்பு நோய் அன்று. உணர்ச்சிகளைக் கடத்துவது நரம்பு. இங்குப் பழுதுபடுவதோ இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை. இந்த வேறுபாட்டை அறியாமையால் நரம்புக்கான மாத்திரைகளிலும் தைலங்களிலும் ஆண்டுகளைக் கழித்துவிடுவோர் பலர்.

நோய் உண்டாகும் விதம்

காலிலுள்ள இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டும். நாம் நடக்கும்போது ஆடுசதை சுருங்கிச் சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே இறங்காதவாறு சிரைகளினுள் ஒருவழி வால்வுகள் அமைந்துள்ளன. அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதச் சிரைகளில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் அது வெகுவாகக் குறைந்துவிடும். வால்வுகள் தளர்ந்துவிட்டால் இரத்தம் பின்னோக்கி வழிந்து தேங்குகிறது. அழுத்தம் தாங்காமல் சிரை விரிந்து நெளிகிறது. பரம்பரை, பேறுகாலம், உடற்பருமன், முதுமை, நெடுநேரம் நின்றிருக்கும் தொழில் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன.

கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை இடுக்கு வரை செல்லும் பெரிய சாஃபினஸ் சிரையே பெரும்பாலும் பழுதுபடுகிறது. உடலிலேயே மிக நீளமான சிரை இதுவே.

படிப்படியாக முற்றும் நோய்

மருத்துவர்கள் இந்நோயைச் சீ-0 முதல் சீ-6 வரை நிலைகளாகப் பிரிக்கின்றனர். சிலந்தி வலை போன்ற நுண்சிரைகள் சீ-1; புடைத்த சிரைகள் சீ-2; வீக்கம் சீ-3; தோல் கறுத்துத் தடித்தல் சீ-4; ஆறிய புண் சீ-5; ஆறாத புண் சீ-6. அனைவருக்கும் நோய் இறுதி நிலை வரை செல்வதில்லை. ஆயினும் கணுக்காலருகே தோல் கறுத்தல், அரிப்பு, மாலைதோறும் வீக்கம் ஆகியவை தோன்றினால் மேலும் காலம் தாழ்த்தலாகாது. புண் வந்தபின் அதனை ஆற்றுவதற்கு ஆகும் காலமும் செலவும், இழக்கும் வேலை நாட்களும் முன்னரே செய்துகொள்ளும் சிகிச்சையினும் பன்மடங்காகும்.

2018-இல் வெளியான பிரிட்டன் நாட்டு ஆய்வொன்று இதனை உறுதிப்படுத்துகிறது. சிரைப்புண் உடைய 450 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு உடனேயும் மற்றவர்களுக்குத் தாமதித்தும் சிரையடைப்புச் சிகிச்சை அளித்தனர். முன்னவர்க்குப் புண் ஆறிய இடைநிலைக் காலம் 56 நாட்கள். பின்னவர்க்கு 82 நாட்கள். இரு சாராருக்கும் அழுத்தக் கட்டு போடப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அகற்றுவதிலிருந்து அடைப்பதற்கு

சென்ற நூற்றாண்டு முழுவதும் தொடை இடுக்கில் கீறிச் சிரையை முடிச்சிட்டு, உருவி எடுக்கும் அறுவையே நடைமுறையில் இருந்தது. இன்றைய முறைகளில் சிரையை உருவ வேண்டியதில்லை. உள்ளிருந்தே அடைத்துவிட்டால் போதும். நாளடைவில் உடலே அதனை நார்போலச் சுருக்கிவிடும். ‘சிரையை அடைத்தால் இரத்தம் எவ்வழியே செல்லும்?’ என்ற ஐயம் எழுவது இயல்பே. காலின் இரத்தத்தில் மிகப் பெரும்பகுதி ஆழ்சிரைகள் வழியாகவே மேலேறுகிறது. பழுதுபட்ட மேற்சிரை இரத்தத்தைக் கீழ்நோக்கி வழியவிட்டுச் சுமையையே கூட்டுகிறது. அதனை மூடுவதால் இழப்பு ஏதுமில்லை.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னதாக டாப்ளர் ஸ்கேன் இன்றியமையாதது. பழுதான வால்வு எது, ஆழ்சிரைகளில் அடைப்பு உண்டா என்பவற்றை அது காட்டிவிடும்.

லேசர் முறை: ஊசித் துளை வழியே மெல்லிய இழையைச் சிரையினுள் செலுத்தி, லேசர் வெப்பத்தால் அதன் சுவரை ஒட்டச் செய்வர்.

ரேடியோ அலை முறை: லேசருக்குப் பதிலாக வெப்பக் குழாய் பயன்படுகிறது. பரவலாக உள்ள கருவியொன்று 7 சென்டிமீட்டர் நீளத்தை 20 வினாடிகளில் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தால் மூடுகிறது. இவ்விரு முறைகளிலும் சிரையைச் சுற்றிலும் மரத்துப்போகும் மருந்து கலந்த நீரை நிரப்புவர். வலியைத் தடுப்பதோடு, தோலையும் நரம்பையும் வெப்பத்திலிருந்து அது காக்கிறது.

நுரை ஊசி முறை: போலிடோகனால் போன்ற மருந்தை வாயுவுடன் கலந்து நுரையாக்கிச் சிரையினுள் செலுத்துவர். எளியது, ஆனால் சிலருக்கு மீண்டும் மீண்டும் செய்ய நேரிடும்.

பசை முறை: சயனோஅக்ரிலேட் என்னும் மருத்துவப் பசையால் சிரையை ஒட்டுவது. வெப்பம் இல்லாமையால் மருந்து நீர் நிரப்பத் தேவையில்லை. பசை ஒவ்வாதவர்க்கு இது ஏற்றதன்று.

இவற்றுள் வெப்ப முறைகளை முதலிலும், அவை பொருந்தாதவிடத்து நுரை ஊசியையும், அதுவும் பொருந்தாவிடில் அறுவையையும் மேற்கொள்ளுமாறு இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013-இல் பரிந்துரைத்தது. புடைத்த கிளைச் சிரைகளைச் சிறு துளைகள் வழியே எடுப்பதும் உடன் நிகழலாம். பெரும்பாலோர் அன்றே நடந்து வீடு திரும்பலாம். நடப்பதும், மருத்துவர் கூறும் காலம் வரை அழுத்தக் காலுறை அணிவதும் அதன்பின் வரும் கடமைகள்.

எந்த முறையும் முற்றிலும் இடரற்றதன்று. கன்றிப்போதல், தோல் மரத்துப்போதல், அரிதாக ஆழ்சிரையில் இரத்தம் உறைதல் ஆகியவை நேரலாம். ஆண்டுகள் கழித்து வேறு சிரைகள் புடைக்கவும் கூடும். கருவுற்றிருப்போர்க்குப் பொதுவாகச் சிகிச்சை தள்ளிவைக்கப்படுகிறது. கால் தமனியில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேளாது அழுத்தக் காலுறை அணியலாகாது. புடைத்த சிரை உடைந்து இரத்தம் பெருகினால் அச்சம் கொள்ளாது படுத்துக் காலை உயர்த்தித் துணியால் அழுத்திப் பிடித்து, உடனே மருத்துவ உதவி பெறுக.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

பல மருத்துவக் காப்பீடுகள் இந்நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைத்துள்ளன. ஆரோக்கிய சஞ்சீவனி திட்டத்தில் வெரிகோஸ் வெயின் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் இடம்பெறுகிறது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாதெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வரையறுத்தது. ஆதலால் காப்பீடு எடுக்கும்போதே நோயை மறைக்காது தெரிவித்தல் நன்று. மறைத்தது பின்னர் தெரியவந்தால் கோரிக்கை மறுக்கப்படக் கூடும்.

சிகிச்சைக்கு முன் மூன்று வினாக்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. ஒருநாள் சிகிச்சையாக இதனை ஏற்பரா? லேசர், ரேடியோ அலை, பசை ஆகியவற்றிற்கு உச்சவரம்பு உண்டா? ஒருமுறை பயன்படுத்தும் இழைக்கும் குழாய்க்கும் தொகை கிடைக்குமா? அழகுக்காகச் செய்யப்படும் நுண்சிரைச் சிகிச்சைக்கு வழக்கமாகத் தொகை கிட்டுவதில்லை. எனவே டாப்ளர் அறிக்கையையும், நோய்நிலையைக் குறிக்கும் மருத்துவர் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்க. முன்கூட்டியே திட்டமிடும் சிகிச்சை ஆதலின், பணமில்லாச் சிகிச்சைக்கான ஒப்புதலை முன்னரே கோரலாம்.

இறுதியாக, நாள்தோறும் நாம் செய்யத்தக்கவை செலவற்றவை: அரைமணிக்கொரு முறை கால்களை அசைத்தல், நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குதல், மாலையில் சற்று நேரம் காலை உயர்த்தி வைத்தல், நாளும் நடத்தல், எடையைக் கட்டுக்குள் வைத்தல். தளர்ந்த வால்வுகளை இவை மீட்டுத் தாரா. எனினும் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். இவற்றைச் செய்தும் கால் கனத்துக் கறுக்குமாயின், புண் தோன்றும் வரை காத்திராமல் இரத்தநாள அறுவை மருத்துவரை அணுகுதலே அறிவுடைமை.