ரவுட்டரை மாற்றச் சொல்வதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

கல்யாண போட்டோகிராபர் வீட்டுச் சிக்கலை விவரமாக எழுதியிருந்தாய். மாடியில் லேப்டாப், கீழே ஹாலில் ரவுட்டரை ஒட்டியே டெஸ்க்டாப், இரண்டும் வைஃபையில். 64 ஜிபி கார்டில் இருப்பதை லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு மாற்றினால் நொடிக்கு 4 எம்பிக்கு மேல் ஏற மறுக்கிறது. அவரும் இன்டர்நெட் பிளானை 100-லிருந்து 300-க்கு உயர்த்திப் பார்த்துவிட்டார். ரவுட்டர் போய்விட்டது, புதிதாக வாங்கச் சொல்லட்டுமா என்று கேட்கிறாய்.

கொஞ்சம் பொறு. நீ அனுப்பிய படத்தில் லேப்டாப்பின் இணைப்பு வேகம் 144 எம்பிபிஎஸ், சேனல் 6. அது பிட் கணக்கு. காப்பி ஆகும்போது விண்டோஸ் காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் 18. வைஃபையில் எழுதியிருக்கும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். மீதி, ஒவ்வொரு பொட்டலமும் வந்து சேர்ந்ததா என்று கேட்பதிலும் தன் முறைக்காகக் காத்திருப்பதிலும் கரைந்துவிடும். ஆக 9. அடுத்ததைத்தான் நம் ஆட்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால் கோப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போவதில்லை. லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு நடை, ரவுட்டரிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இன்னொரு நடை. இரண்டும் ஒரே சேனலில். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 9-இல் பாதி நாலரை. அந்த வீட்டில் எதுவும் கெடவில்லை தம்பி, அந்த அமைப்பால் தர முடிந்ததே அவ்வளவுதான். பிளானுக்கு இதில் வேலையே இல்லை. கோப்பு வீட்டு வாசலைத் தாண்டவே இல்லையே! அவர் மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் பணத்தை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன லேன் கேபிள் எடுத்துப் போ. டெஸ்க்டாப்பை ரவுட்டரில் செருகு. வேறு எதையும் தொடாதே. காற்றில் இரண்டு நடை ஒன்றாகிவிடும், வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து செட்டிங்கை மாற்றிவிட்டு, சரியானது எதனால் என்று தெரியாமல் கிளம்பும் பழக்கம் நம் தொழிலில் நிறைய. அதை இப்போதே விட்டுவிடு.

இரட்டிக்காவிட்டால் ஐபெர்ஃப் மென்பொருளை இரண்டிலும் போட்டு ஓட்டு. அது நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு அனுப்பும். டிஸ்க் கணக்கில் வராது. அதில் 70 எம்பிபிஎஸ் அளவுக்கு வந்து, காப்பி மட்டும் ஊர்ந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதே. பழைய ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும் ஆன்ட்டிவைரஸ், அல்லது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள். எடிட்டிங் மென்பொருள் உண்டாக்கும் முன்னோட்டக் கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டால் திறப்பதும் மூடுவதுமே நேரத்தைத் தின்றுவிடும். ஜிப் செய்து ஒரே கோப்பாக அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐபெர்ஃபிலும் குறைவாக வந்தால், லேப்டாப்பில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார். போட்டோகிராபர் என்பதால் யூஎஸ்பி 3 வெளி டிஸ்க் கட்டாயம் இருக்கும். யூஎஸ்பி 3 கேபிளும் கனெக்டரும் கசியவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டது. டிஸ்கைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பார். எண் ஏறினால் ஆள் அகப்பட்டுவிட்டான். நல்ல உறையுள்ள கேபிள் போட்டு டிஸ்கைத் தள்ளி வை, அல்லது லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டு போ.

5 கிகாஹெர்ட்ஸ் அந்த ரவுட்டரில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் மாடி லேப்டாப் 2.4-லேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரைப் பிரித்துவை. சேனல் எண் 36 அல்லது அதற்கு மேல் காட்டினால் 5-க்கு வந்துவிட்டது. ஆனால் நடுவில் கான்கிரீட் தளம் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அதில் சீக்கிரம் சோர்ந்துவிடும். அளந்து பார்த்து எது அதிகமோ அதை வை. டிவிக்குப் பின்னால் சொருகியிருக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வைப்பதும் உதவும்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றை அவரிடம் சொல். முகூர்த்த மாதங்களில் தினமும் ஒரு கார்டு என்றால் வைஃபை அவருக்குச் சரிப்படாது. 4 எம்பி வேகத்தில் 64 ஜிபிக்கு நாலரை மணி நேரம்; கிகாபிட் கம்பியில், டிஸ்கும் ஈடுகொடுத்தால், பத்துப் பன்னிரண்டு நிமிஷம். மாடிக்கு ஒரு கேபிள் இழு. ரவுட்டர் போர்ட்டின் வேகம் 100 மட்டுமே என்றால் அதை மாற்ற வேண்டாம், ஒரு சின்ன கிகாபிட் ஸ்விட்ச் போதும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், விடாதே. தனி பைப் போடச் சொல். கிரிம்ப் செய்ததும் இரண்டு கணினியிலும் இணைப்பு வேகத்தைப் பார். 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டிலும் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டிய பிறகு பில்லை எழுது.

அன்புடன்,
அண்ணன்