விற்பனைக் கணக்கும் உண்மைத் தேவையும்: வாணிகத்தில் தரவுப் பகுப்பாய்வு

வாணிகத்தில் கணக்கு எழுதும் வழக்கம் புதிதன்று. ஆயினும் பேரேடுகள் வரவு செலவைச் சரிபார்க்கப் பயன்பட்ட அளவுக்கு, அடுத்த மாதக் கொள்முதலைத் தீர்மானிக்கப் பயன்படவில்லை. பதிவான எண்களிலிருந்து முடிவுக்கு வழிகாட்டும் செய்தியைப் பிரித்தெடுக்கும் முறையே தரவுப் பகுப்பாய்வு எனப்படுகிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரியும், 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குகளுக்கு இ-வே பில் முறையும் நடைமுறைக்கு வந்தபின், நடுத்தர நிறுவனங்களிடமும் கணிப்பொறியில் பதிவான விவரங்கள் குவிந்துள்ளன. அவற்றைக் கூட்டிப் பெருக்கக் கணிப்பொறி போதும். பகுப்பாய்வாளருக்குரிய வேலை வேறு.

கணக்கில் தெரியாத குறை

நாகபுரியில் சமையல் எண்ணெய் விற்கும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாதத்தின் முதல் 18 நாட்களில் நாளொன்றுக்கு 50 பாக்கெட் வீதம் 900 பாக்கெட் விற்றது. அத்துடன் இருப்பு தீர்ந்தது. எஞ்சிய 12 நாட்களுக்கு விற்பனைப் பதிவேடு சுழியம் காட்டும். மாத விற்பனை 900 என்று கண்ட நிறுவனம் அடுத்த மாதமும் 900 பாக்கெட்டையே அனுப்பும். அதுவும் 18ஆம் நாளில் தீரும். மாத இறுதியில் மதிப்பீடும் விற்பனையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். தவறான மதிப்பீடு தன்னைத் தானே மெய்ப்பித்துக் கொள்ளும் விந்தை இது! வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளர் வேறு கடையை நாடினால் பிந்தைய மாதங்களில் விற்பனை மேலும் குறையும். அப்போது தேவையே குறைந்துவிட்டதென நிறுவனம் கருதக்கூடும்.

விற்பனைப் பதிவேட்டுடன் இருப்புப் பதிவேட்டையும் நாள்வாரியாக ஒப்பிட்டால் இக்குறை வெளிப்படும். எனினும் 50ஐ 30ஆல் பெருக்கி 1,500 என்று எழுதிவிடுவதும் சரியன்று. சம்பளம் வாங்கிய முதல் வாரங்களில் மக்கள் கூடுதலாக வாங்குவது இயல்பு. இருப்பு தீராதிருந்த வேறு மாதங்களில் கடைசி 12 நாட்களின் விற்பனை என்ன என்று பார்க்கவேண்டும். அது நாளொன்றுக்கு 30 எனில், தேவை ஏறத்தாழ 1,260 ஆகும். கடை ஊழியரிடம் பத்து நிமிடம் பேசினால் ஏடுகளில் இல்லாத காரணங்களும் தெரியவரும். பகுப்பாய்வாளர்கள் பலர் தவிர்க்கும் வேலை இது.

திரும்பாத விமானங்கள்

கண்ணுக்கு எட்டாத விவரத்தைக் கணக்கில் கொள்ளும் முறைக்குப் புகழ்பெற்ற முன்னோடி ஆபிரகாம் வால்ட். 1943இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் பணியாற்றிய அவர், போரிலிருந்து மீண்ட விமானங்களின் சேதத்தைக் கொண்டு, மீளாதவை எங்கே அடிபட்டிருக்கும் என மதிப்பிடும் வழியை வகுத்தார். மீண்டவற்றில் குண்டு துளைகள் அரிதாக உள்ள பகுதியே ஆபத்தானதாக இருக்கலாம். அங்கே அடிபட்டவை திரும்பியிருக்கமாட்டா. இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்த வால்ட், 1950 டிசம்பரில் நீலகிரியில் நேர்ந்த விமான விபத்திலேயே உயிர்துறந்தார்.

இந்திய வாணிகத் தரவிலும் திரும்பாத விமானங்கள் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருள் விற்பனையாளர் பொதுவாக வரிப் பதிவு பெறவேண்டியதில்லை. அவர்தம் விற்பனை வரித் தரவில் தனியே தெரியாது. குடும்பங்களிடமே கேட்டு எழுதும் தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவு விவரங்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. பெருநகர அங்காடியின் தரவை மட்டும் கொண்டு சிற்றூர்ச் சந்தையை அளப்பவர்கள் இவற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அறிக்கையும் முடிவும்

மேலாளரிடம் ஒரே எண்ணைத் தருவதைவிட, 1,200 முதல் 1,300 வரை என எல்லைகளைச் சொல்லி, அதற்கான காரணங்களையும் தருவதே முறை. எவ்வளவு வாங்குவது என்பதை மேலாளர் முடிவு செய்வார். எஞ்சிய எண்ணெய் அடுத்த மாதம் விலைபோகும். ஆகவே 1,300 வாங்கலாம். சரக்கு பால் பாக்கெட்டாக இருந்தால், அதே மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குறைவாகவே வாங்க நேரும்.