சுமை வண்டியில் செனான் விளக்கு

மந்த வாயுக்களின் வரிசையில் ஐந்தாவதாக நிற்பது செனான். 1898-இல் இலண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் இதனைக் கண்டுபிடித்தனர். ‘அந்நியன்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. காற்றில் ஒரு கோடிப் பங்குக்கு ஒரு பங்குகூட இராத இந்த அந்நியன், இன்று நம்மூர் மோட்டார் உதிரிபாகக் கடையில் அட்டைப் பெட்டிக்குள் அடைபட்டு விலைக்கு வருகிறான் என்றால் வியப்பன்றோ!

சாதாரண ஹாலஜன் விளக்கில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. செனான் விளக்கில் இழையே இல்லை. குவார்ட்ஸ் குமிழுக்குள் சுமார் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள் உள்ளன. ‘பேலஸ்ட்’ என்னும் பெட்டி பேட்டரியின் 12 வோல்ட்டை ஒரு கணம் 20,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி, அந்த இடைவெளியில் மின்வில்லை மூட்டுகிறது. முதலில் ஒளிர்வது செனான். சில வினாடிகளில் குமிழிலுள்ள உலோக உப்புகள் ஆவியாகி முழு ஒளியைத் தருகின்றன. அதன்பின் 35 வாட் போதும். 55 வாட் ஹாலஜன் டிம் இழை தருவது ஏறத்தாழ 1,000 லூமென். 35 வாட் செனான் தருவதோ 3,000 லூமென் அளவில். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1991-இல் தன் 7 வரிசைக் கார்களில் இதனை முதன்முதலாகப் பொருத்தியது. இன்று புதிய கார்களில் எல்.ஈ.டி. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது வேறு செய்தி.

என் தந்தையார் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து இரவில் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஓட்டுபவர். விளக்கு மங்கலாக இருக்கிறதென்று அவருக்கு நெடுநாள் குறை. உடன் ஓட்டுபவர்கள் சிலர் செனான் மாட்டிவிட்டார்கள். “ஏம்ப்பா, நீ பிசிக்ஸ் படிக்கிறவன். மாட்டலாமா வேண்டாமா, நீயே சொல்லு” என்றார். எங்கள் வீட்டில் என் படிப்பை நோக்கி வந்த முதல் வினா இதுதான். விடையில் பணம் மட்டுமல்ல, எதிரே வருபவர் உயிரும் அடங்கியிருந்தது.

பரவளையக் குழியாடியின் குவியத்தில் வைத்த ஒளிமூலம் இணைகதிர்களைத் தரும் என்று படித்திருக்கிறோம். நம் பிக்கப் வண்டிகள் பலவற்றில் உள்ள எச்-4 பல்பில் இரண்டு இழைகள். டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருப்பதால், ஆடியின் மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கிச் சாய்கிறது. கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கிப் போகும். அதைத் தடுக்கவே இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். எவ்வளவு எளிய உபாயம்!

மாற்றிப் பொருத்தும் செனான் பல்பில் இருப்பதோ ஒரே மின்வில். அதைச் சிறு மின்காந்தம் முன்னும் பின்னும் நகர்த்தி டிம், பிரைட் ஆக்குகிறது. அந்த வில் இழையைப் போல நேராகவும் சீராகவும் ஒளிர்வதில்லை. வளைந்து, முனைகளருகே மிகுந்து ஒளிர்கிறது. இழைக்கென்று கணக்கிட்டு வார்த்த ஆடியில் அது மும்மடங்கு ஒளியைக் கண்டபடி இறைக்கிறது. பிடியில் பல்பு பொருந்திவிட்டது என்பதற்காக ஒளியும் பொருந்திவிடாது.

இனிச் சுமையைப் பார்ப்போம். டிம் கதிர் மீட்டருக்கு 1 செ.மீ. வீதம் தாழும்படி வைக்கப்பட்டால், 50 மீட்டரில் அரை மீட்டர் தாழ்ந்திருக்கும். சக்கரங்களுக்கிடையே 3 மீட்டர் உள்ள வண்டியில் சுமையால் பின்புறம் 5 செ.மீ. இறங்கினால், கதிர் 50 மீட்டரில் 83 செ.மீ. உயர்ந்துவிடும். கழித்தால் 33 செ.மீ. மிச்சம். விளக்கு 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் கதிரின் மேல்விளிம்பு 113 செ.மீ. உயரத்தில் செல்லும். எதிரே காரில் வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. 2,000 லூமெனுக்கு மேற்பட்ட டிம் விளக்குக்குத் தானே மட்டம் திருத்தும் அமைப்பு வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொன்னது இதனால்தான். அட்டைப் பெட்டியில் அது வருவதில்லை. நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மனம்போன மாறுதலை அனுமதிக்கவில்லை.

நீல ஒளியே அதிக ஒளி என்று கடைக்காரர்கள் சொல்வதும் பிழை. 4,300 கெல்வின் விளக்கைவிட 8,000 கெல்வின் விளக்கு தரும் லூமென் குறைவு.

அப்படியானால் மங்கலுக்கு என்ன வழி? மல்டிமீட்டரால் அளந்தேன். எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் முனையில் 11.9. இரண்டு டிம் இழைக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர் பாய்கிறது. மெல்லிய ஒயரும் தேய்ந்த சுவிட்சுமாகச் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தாலே இவ்வளவு இழப்பு வந்துவிடும். இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் 3.4-ஆவது அடுக்கை ஒட்டி மாறுவது. ஆகவே கிடைக்க வேண்டிய ஒளியில் நூற்றுக்கு அறுபதுதான் எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது!

பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த ஒயர் இழுத்து, ரிலே வைத்து, பழைய சுவிட்சை ரிலேயை இயக்க மட்டும் விட்டோம். பல்பில் 13.4 வோல்ட் வந்தது. ஒளி நூற்றுக்குத் தொண்ணூறாயிற்று. இழையின் ஆயுள் சற்றுக் குறையும். அது பெரிய செலவன்று. பின் வழக்கமான அளவு வெங்காய மூட்டைகளை ஏற்றியபடியே சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் கோடிட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு 10 செ.மீ. கீழே விழும்வரை தந்தையார் திருகைத் திருப்பினார். இறக்கிய பிறகு அது இன்னும் தாழ்ந்தே விழும். வெறும் வண்டிக்கு அது போதும் என்றார்.