பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தால் சீறுகிறதே?

கேள்வி: 2005-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். இரண்டு மாதமாகப் பெட்ரோல் போட மூடியைத் திருகினாலே ‘உஸ்ஸ்’ என்று ஆவி அடிக்கிறது. மதியத்தில் ரொம்ப மோசம். ஒருமுறை பெட்ரோலே கையில் தெறித்துவிட்டது. விடியற்காலையில் திறந்தால் காற்று உள்ளே இழுப்பது போலச் சத்தம். புது மூடி மாற்றியும் பலனில்லை. எப்போதும் ஃபுல் டாங்க்தான் போடுவேன். ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டாக வரும்வரை ஊற்றச் சொல்வது வழக்கம். மூடியில் சின்ன ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? கத்திரி வெயிலில் டாங்க் வெடித்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ஓட்டை வேண்டவே வேண்டாம். சீறல் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் வழியாக இரவும் பகலும் பெட்ரோல் ஆவி கசிந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து ஷெட்டுக்குள் தேங்கும். பற்றிக்கொள்ள ஒரு சுவிட்சின் பொறி போதும். விபத்தில் வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் அந்த ஓட்டை வழியாகவே கொட்டும். மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்தாலே எத்தனால் அதோடு ஒட்டிக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிப்பகுதியைத்தான்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ‘வெயில் காலத்தில் டாங்க்கை நிரப்பாதீர்கள், வெடிக்கும்’ என்று வருடா வருடம் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. கம்பெனி சொன்ன அளவுக்குள் நிரப்பினால், பெட்ரோல் விரிவதற்கான இடம் டாங்க்கில் இருக்கவே இருக்கிறது. உங்கள் வண்டியில் அந்த அழுத்தம் வெளியேறும் பாதை அடைபட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அலட்சியமாக விடக் கூடியதல்ல. 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது டயருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சதுர அடித் தகட்டின் மேல் அது சுமார் 65 கிலோ எடை. டாங்க் அதிக அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. ‘டொம்’ என்று உப்பும், பழைய டாங்க் என்றால் பற்றவைப்பில் விரிசல் விடும்.

பாதை எப்படிப் போகிறது என்று தெரிந்தால் அடைப்பைப் பிடித்துவிடலாம். டாங்க்கின் மேலிருந்து ஒரு சிறிய ஹோஸ், இடையில் ஒரு வால்வு, பிறகு சார்கோல் கேனிஸ்டர். இது கரிக்குருணை நிரம்பிய கறுப்பு டப்பா. பல பழைய சின்ன கார்களில் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். வெயிலில் எழும் ஆவியைக் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். இன்ஜின் சூடாகி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை இன்ஜினே இழுத்து எரித்துவிடும். டப்பாவின் மூன்றாவது வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். டாங்க் மூச்சு விடுவது, வாங்குவது இரண்டுமே அந்த வாய் வழியாகத்தான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மதியம் வெளியே அடிக்கிறது, விடியலில் உள்ளே இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை பாதிக்கு மேல் அதில் இருக்கிறது. பெட்ரோல் தரக்குறைவு, அதிகச் சூடு என்றால் வெளியே மட்டும்தான் அடிக்கும். இரண்டு பக்கமும் என்றால் மூச்சுப் பாதை அடைப்புதான். (புது மூடி கம்பெனி மூடிதானா என்று பாருங்கள். காற்றை உள்ளே விடும் வால்வு நல்ல மூடியில் இருக்கும். இருந்தால் காலையில் இவ்வளவு இழுக்காது.)

அடைப்பு எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு வழி. வண்டியை இன்ஜின் ஆறிய நிலையில் திறந்தவெளியில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். மூடியைத் தொடாதீர்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் பீடி, செல்போன் பேச்சு, வெல்டிங் எதுவும் கூடாது. டாங்க்கிலிருந்து கேனிஸ்டருக்கு வரும் ஹோஸை மட்டும், முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகக் கழற்றுங்கள். ஹோஸிலிருந்து ஆவி சீறி வந்தால் அதுவரை பாதை சுத்தம். குற்றவாளி கேனிஸ்டர் அல்லது அதன் வெளிக்காற்றுக் குழாய். ஹோஸில் ஒன்றுமே வராமல், பிறகு மூடியைத் திறக்கும்போது சீறினால், அடைப்பு டாங்க் பக்கம்: இடை வால்வு இறுகியிருக்கலாம், ஹோஸ் மடங்கி நசுங்கியிருக்கலாம், டாங்க்கின் மேலிருக்கும் கவிழ்வு வால்வு ஒட்டியிருக்கலாம்.

என் சந்தேகம் கேனிஸ்டர் மேல்தான். காரணம், அந்த ‘ரவுண்டாக’ ஊற்றும் பழக்கம். ஆட்டோ கட்டுக்குப் பிறகு ஊற்றும் பெட்ரோல் ஆவிக் குழாய்க்குள் ஏறி, திரவமாகவே கேனிஸ்டரில் இறங்கும். கரி ஊறிப்போகும், குருணை உதிர்ந்து குழாய்களை அடைக்கும். கழற்றிக் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். கனத்தாலோ, உள்ளே திரவம் தளும்பினாலோ, வாயில் கரித்தூள் கொட்டினாலோ மாற்றியே ஆக வேண்டும். நன்றாக இருந்தால் டாங்க் பக்க வாயில் மெல்லிய காற்றைச் செலுத்துங்கள். தடையில்லாமல் வெளிவாயில் வர வேண்டும். கம்ப்ரஸரைப் பிடித்து அடிக்காதீர்கள், வாயால் உறிஞ்சவும் கூடாது.

வெளிக்காற்றுக் குழாயை நுனிவரை பாருங்கள். நம் ஊரில் அதற்குள் குளவி மண்கூடு கட்டிவைப்பது சாதாரணம். 2011-ல் அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனம் தன் ‘மாஸ்டா 6’ கார்களைத் திரும்ப அழைத்ததே ஒரு சிலந்தியால்தான். இந்த ஆவிப் பாதைக் குழாயில் அது பின்னிய வலை, டாங்க்கில் விரிசல் உண்டாக்கும் அளவுக்குக் காற்றைத் தடுத்துவிடும் என்ற பயம்.

பல ஒர்க்‌ஷாப்பில் முதலில் பர்ஜ் வால்வை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அது மூடியபடியே ஒட்டிக்கொண்டால் கேனிஸ்டர் காலியாகாது, பெட்ரோல் வாடை வரும். ஆனால் வெளிவாய் திறந்திருக்கும்வரை டாங்க்கில் அழுத்தம் ஏறாது. திறந்தபடி ஒட்டிக்கொண்டால் ஐடிலிங் தடுமாறும், பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

வண்டியை ராம்ப்பில் ஏற்றும்போது சைலன்சர் குழாய்க்கும் டாங்க்குக்கும் இடையில் ஹீட் ஷீல்டு தகடு இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றி வீசிய வண்டிகள் ஏராளம். பெட்ரோலின் லேசான பகுதி 35 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே கொதிக்கத் தொடங்கும்; அதற்கு அந்தச் சூடே போதும். ரிட்டர்ன் லைன் உள்ள இன்ஜினில் சூடான பெட்ரோல் வேறு திரும்பி வருகிறது. டாங்க்கில் அளவு குறையக் குறைய அந்தச் சூடு சீக்கிரம் ஏறும். பழுது பார்க்கும்வரை கால் டாங்க்குக்குக் கீழே விடாதீர்கள்.

அதுவரை மூடியைத் திறக்கும் முறையையும் மாற்றுங்கள். இன்ஜினை அணைத்து, பாடியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, மூடியைக் கொஞ்சம் மட்டும் திருகி அப்படியே பிடியுங்கள். சீறல் முழுக்க அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். பெட்ரோல் கையில் தெறித்தது என்கிறீர்கள். அடுத்த முறை கண்ணாக இருக்கலாம். லேசான ‘புஸ்’ சத்தம் எந்த நல்ல வண்டியிலும் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். காருக்குள் வாடை வந்தாலோ, டாங்க்குக்குக் கீழே ஈரம் தெரிந்தாலோ ஓட்டாதீர்கள்.

ஹோஸ் சோதனையில் ஆவி எந்தப் பக்கம் வந்தது என்று எழுதுங்கள். டாங்க் பக்கம்தான் அடைப்பு என்றால் டாங்க்கை இறக்க வேண்டிவரும். பெட்ரோலைக் காலி செய்து இறக்குகிற ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுங்கள். இருபது வருட ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும், எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து, அந்த வேலையோடேயே மாற்றிவிடலாம்.