மெஷின் இசையை மூச்சால் வாசிக்கலாமா?

நம்ம ராயபுரத்துல கல்யாண ஊர்வலம்னா முன்னாடி பேண்டு செட்டு போகும். இப்போ பல ஊர்வலத்துல ஸ்பீக்கர் வண்டிதான் போகுது. "மெஷின் இருக்கும்போது ஆள் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஜெர்மனியில் ஒரு பதில் இருக்கிறது.

ஹாம்பர்க் நகரில் 2015-ல் 'மொய்ட்டே' என்ற பேண்டு தொடங்கியது. மொத்தம் 11 பேர். கம்ப்யூட்டரில் உருவாகும் 'டெக்னோ' நடன இசையை டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், டிரம்ஸ் வைத்தே தெருவில் வாசித்தார்கள்.

எப்படி முடிகிறது?

1. தாளம்: இந்த இசையில் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 அடி. நம்ம பனியன் கம்பெனி மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடும். பெரிய டிரம் ஒவ்வொரு அடிக்கும் 'தும்' என்று விழும்.

2. கனத்த ஒலி: உடம்பைச் சுற்றி மாட்டும் 'சூசாபோன்' என்ற பெரிய குழல் தருகிறது.

3. ஏற்றம்: கம்ப்யூட்டரில் குமிழைத் திருகினால் ஒலி பளிச்சென்று ஆகும். பித்தளைக் குழலை மெதுவாக ஊதினால் மென்மை. பலமாக ஊதினால் அதே பளிச்!

நமக்கும் இது புதிதல்ல. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவையே 'நோட்டுஸ்வரம்'.

செய்து பாருங்கள்: நொடிக்கு 2 தட்டு வீதம், வேகம் மாறாமல் 5 நிமிடம் மேஜையில் தட்டுங்க. மொத்தம் 600 தட்டு. கை வலிக்குதா? மெஷினுக்கு வலிக்காது, மூச்சும் வாங்காது. ஆனா பேண்டுக்காரருக்கு ரெண்டும் உண்டு. அடுத்த தடவை நம்ம தெருவுல பேண்டு செட்டு வந்தா, நின்னு கேட்டுட்டு ஒரு கைதட்டு கொடுங்க!